அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் ‘தற்காலிகம்’ என்னும் சொல்

1. முன்னுரை

ஒரு நாட்டில் கிடைத்தற்கரிய தொழில்திறனைப் பிறநாட்டினின்றும் வருவித்துக்கொள்ளுதல் இக்காலத்தே புதிதாகத் தோன்றிய வழக்கம் அன்று. சோழ மன்னனுக்குரிய மண்டபத்தை அமைக்கத் தமிழ்நாட்டுக் கைவினைஞரோடு யவன நாட்டுத் தச்சரும் வடபுலத்துக் கொல்லரும் பிறரும் கூடி உழைத்த செய்தியை மணிமேகலை கூறுகின்றது. அவர்கள் எத்தகைய உடன்பாட்டின்படி வந்தனர், எத்துணைக் காலம் தங்கினர், பணி முடிந்தபின் தம் நாட்டிற்கு மீண்டனரா, இந்நாட்டிலேயே குடிகளாயினரா என்பவற்றைக் காப்பியம் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. இக்கால அரசுகளோ இவ்வினாக்களையே முதற்கண் எழுப்புகின்றன. விடைகளையும் சட்டமாக எழுதி வைக்கின்றன. ஆதலின், தொழில்வல்லுநர் இடம்பெயர்ந்த வரலாற்றை ஆராயப் புகுவோர் சட்டத்தின் சொற்களையும் ஆராய்தல் வேண்டும்.

அவ்வகையில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்டம் தமிழர்க்கு மிகவும் தொடர்புடையது. அந்நாட்டில் எச்-1பி என வழங்கும் பணித்தகுதியைப் பெற்று வாழும் இந்தியருள் தமிழர் பலர். 2023ஆம் நிதியாண்டில் ஒப்புக்கொள்ளப்பெற்ற எச்-1பி விண்ணப்பங்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை இந்தியாவிற் பிறந்தோர்க்கு உரியவை. இத்தகுதியைப் பற்றிய பேச்சு நம் நாட்டில் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியதாகவே இருக்கின்றது. நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இச்சட்டத்தின் அடித்தளமாக நிற்பது ‘தற்காலிகம்’ என்னும் ஒரு சொல். அச்சொல் எங்கிருந்து வந்தது, எவ்வெவ்விடங்களில் நீக்கப்பட்டது, நீக்கப்படாது எஞ்சிய இடத்தில் இன்று என்ன பொருள் தருகின்றது என்பவற்றைக் கால முறையிற் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விசா என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். இலத்தீன் மொழியில் ‘பார்க்கப்பட்ட தாள்’ எனப் பொருள்படும் தொடரினின்றும் அது வந்தது. நாம் அதனை நுழைவிசைவு என்கிறோம். மூலச்சொல் ‘பார்த்தாயிற்று’ என்ற அளவில் நிற்க, தமிழ்ச்சொல் ‘இசைந்தாயிற்று’ எனக் கூறுகின்றது. அமெரிக்கச் சட்டத்தை நோக்கின் மூலச்சொல்லே உண்மைக்கு நெருங்கியது. நுழைவிசைவு ஒருவனை நாட்டின் வாயில்வரை கொண்டுசெல்லும். உள்ளே விடுதல் வாயிலில் நிற்கும் அலுவலர் முடிவு. பணிபுரியும் உரிமையோ, வேலையளிப்போர் அவன்பொருட்டு அரசிடம் அளித்த விண்ணப்பத்தினின்றும் பிறப்பது. இவ்வேறுபாடு பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

2. தடையும் விலக்கும்

திறனுடைய அயல்நாட்டாரை வரவேற்பதற்கென எழுந்த சட்டம் ஒன்று அமெரிக்காவில் தொடக்கத்தில் இல்லை. முதலில் எழுந்தது தடை. வரவேற்பு அத்தடைக்கு விலக்காகவே புகுந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைப் பத்து ஆண்டுகட்கு நிறுத்தியது. தொழில் பயின்றார், பயிலாதார் என்ற வேறுபாட்டை அது பாராட்டவில்லை. திறனும் அன்று ஒருவனைக் காக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

அடுத்து 1885ஆம் ஆண்டில் ஒப்பந்தத் தொழிலாளர் தடைச்சட்டம் வந்தது. அதனைக் கொணர்ந்த ஒகையோ மாநில உறுப்பினர் மார்ட்டின் போரன் பெயரால் அது போரன் சட்டம் எனவும் வழங்கும். அயல்நாட்டில் இருப்பவனோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, பயணச்செலவைக் கொடுத்து, அவனை வேலைக்கென வருவித்தலை அச்சட்டம் குற்றமாக்கியது. மீறியவர்க்கு ஆயிரம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. நைட்சு ஆப் லேபர் என்னும் தொழிலாளர் அமைப்பு இச்சட்டத்தை வலியுறுத்தி நின்றது. ஒப்பந்தத்தால் கட்டுண்டு வருபவன் குறைந்த கூலிக்கும் இசைவான். வேலைநிறுத்தத்தை முறிக்கவும் பயன்படுவான். அவனை வருவித்தவனை விட்டு நீங்க அவனால் இயலாது. இவையே அவர்தம் அச்சம். அவ்வச்சத்துள் வெறுப்பும் கலந்திருந்தது உண்மை. எனினும், வேலையளிப்போன் கையில் தொழிலாளியின் வருகையும் இருப்பும் ஒருங்கே அகப்படுதல் தீது என்ற கருத்தில் நியாயம் உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

இச்சட்டத்திலேயே விலக்குகளும் இடம்பெற்றன. நடிகர், ஓவியர் முதலிய கலைஞர், சொற்பொழிவாளர், பாடகர் ஆகியோர் தடைக்கு உட்படார். நாட்டில் இதுவரை நிலைபெறாத புதுத்தொழிலுக்கு வேண்டிய வல்லுநர், உள்நாட்டில் அத்தகையோர் கிடையாதபோது, தடைக்கு உட்படார். 1891ஆம் ஆண்டுத் திருத்தம் சமய குருமாரையும், ஏற்புடைய தொழில்முறைகளைச் சார்ந்தோரையும், கல்லூரிப் பேராசிரியரையும் இவ்விலக்குகளோடு சேர்த்தது.

இடைப்பட்ட காலத்தில் ஒரு வழக்கு எழுந்தது. நியூயார்க்கில் உள்ள தூய திரித்துவத் திருச்சபை 1887ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஒரு குருவை ஒப்பந்தத்தின்மேல் வருவித்தது. சட்டத்தின் சொல்லைப் பார்ப்பின் அது குற்றமே. 1892ஆம் ஆண்டில் தலைமை நீதிமன்றம், சட்டத்தின் நோக்கம் கையுழைப்பாளரைத் தடுத்தலே அன்றி அறிவுத்தொழில் புரிவாரைத் தடுத்தல் அன்று எனத் தீர்ப்பளித்தது. சொல்லுக்கு நேர்ப்பொருள் கொள்வதா, ஆக்கியோன் கருத்தைக் கொள்வதா என்னும் உரையாசிரியர் வினா இவ்வழக்கில் அரசியல் உருவம் பெற்றது. தொழிலாளரை இரு கூறாக்கும் எண்ணமும் இதனால் சட்டத்தில் வேரூன்றிற்று.

3. திறனுக்கு வழியும் ஆளுக்குத் தடையும்

இந்தியர் நிலை இக்காலத்தில் எவ்வாறு இருந்தது? 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடுக்கப்பட்ட நிலப்பரப்பாக வரையறுத்தது. இந்தியா அதனுள் அடங்கும். ஆயின் வழக்கறிஞர், மருத்துவர், வேதியியலார், பொறியாளர், ஆசிரியர், மாணவர், வணிகர் முதலியோர்க்கு அச்சட்டமே விலக்களித்தது. 1923ஆம் ஆண்டில் பகத் சிங் திந்து என்பார் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் எனத் தலைமை நீதிமன்றம் முடிவு செய்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்குத் தகுதியற்றோர் குடியேறுதலையே தடுத்தது. அப்பொழுதும் சமய குருமார்க்கும் கல்லூரிப் பேராசிரியர்க்கும் வழி விட்டது.

இவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஒரு கொள்கை புலனாகும். வேண்டியது திறன், வேண்டாதது ஆள். ஆளை விட்டுத் திறனை மட்டும் பிரித்தெடுத்தல் இயலாது ஆதலின், ஆளை உள்ளே விட்டு உரிமையை மறுத்தது அந்நாடு. தமிழ்க்குடியிற் பிறந்த வானியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்சு வானாய்வுக் கூடத்தில் பணியேற்றார். அவர் வகுத்த கொள்கைகளை உலகம் போற்றிய அவ்வாண்டுகளில், அவர் வாழ்ந்த நாட்டின் குடியுரிமையை அவரைப் போன்ற இந்தியர் கேட்டுப் பெறுதற்கு வழியே இல்லை. 1946ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற லூசு-செல்லர் சட்டம் அவ்வழியைத் திறந்தது. ஆயினும் ஆண்டிற்கு நூறு இந்தியரே குடியேறலாம் என வரம்பு கட்டியது. சந்திரசேகர் 1953ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடிமகனாயினார்.

4. 1952: மூன்று கட்டுகள்

இன்று நிலவும் சட்டத்தின் மூலம் 1952ஆம் ஆண்டில் எழுந்தது. குடியரசுத் தலைவர் துரூமன் ஒப்புதல் மறுத்த பின்னரும் காங்கிரசு அதனை நிறைவேற்றியது. ஒப்பந்தத் தொழிலாளர் தடை அச்சட்டத்தால் கைவிடப்பட்டது. நிலையாகக் குடியேற வருவோர், குடியேறாது சிலகாலம் தங்க வருவோர் என அயலவரை அது பிரித்துக்கொண்டு, பின்னையோரை ஆங்கில நெடுங்கணக்கு முறையில் வகைப்படுத்தியது. அவ்வரிசையில் எட்டாம் எழுத்தைப் பெற்ற வகையே எச் என்பது.

எச் வகையின் முதற்பிரிவுக்கு உரியார் யாவர்? அயல்நாட்டில் இல்லம் உடையராய், அதனைக் கைவிடும் எண்ணம் இல்லாதவராய், மேம்பட்ட தகுதியும் ஆற்றலும் வாய்ந்தவராய், அத்தகுதி வேண்டப்படும் சிறப்பு வாய்ந்த தற்காலிகப் பணியைச் செய்யத் தற்காலிகமாக வருவோர் என்பது சட்டத்தின் கருத்து. இவ்வரையறையில் மூன்று கட்டுகள் உள்ளன. முதலாவது, திரும்பிச் செல்லும் எண்ணம். இரண்டாவது, வருகை தற்காலிகமாதல். மூன்றாவது, பணியே தற்காலிகமாதல். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பணி முடியும், முடிந்தபின் வந்தவர் செல்வர், செல்வதற்கு இல்லம் உண்டு. இவ்வரையறை அன்று உண்மையோடு பொருந்தியிருந்தது. ஒரு பருவம் பாட வந்த இசைவாணரும், ஓராண்டு கற்பிக்க வந்த பேராசிரியரும், ஒரு பொறியை நிறுவ வந்த பொறியாளரும் இதனுள் இடர்ப்பாடின்றி அடங்குவர்.

1965ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த நாட்டின்படி ஒதுக்கீடு செய்யும் பழைய முறையை ஒழித்தது. அதன்பின் நிலையாகக் குடியேறுவோர் வரிசையில் தொழில்வல்லுநர்க்கு இடம் கிடைத்தது. முன்னர் நூறாக இருந்த இந்தியர்க்குரிய வரம்பு 1968ஆம் ஆண்டு முதல் பிற நாடுகளைப்போல் 20,000 ஆயிற்று. மருத்துவரும் பொறியாளரும் நிலையான குடிகளாக நேரே செல்லும் வழி அக்காலத்தே திறந்தது. அவ்வழி விரைவில் நெருக்கமுற்றது. நெருக்கமுற்றபோது மக்கள் கண்ட மற்றொரு வழி எச் வகை.

5. கட்டுகள் அவிழ்ந்த முறை

1970ஆம் ஆண்டுத் திருத்தம் எச் வகையின் முதற்பிரிவில் பணிக்கு அடையாக நின்ற ‘தற்காலிக’ என்னும் சொல்லை நீக்கியது. நிலையான பணியிடத்திலும் அயல்நாட்டு வல்லுநரை அமர்த்தலாம் என்றாயிற்று. பணி நிலையானது, அதனைச் செய்வோர் வருகை மட்டும் தற்காலிகமானது. மூன்றாம் கட்டு அவிழ்ந்தது. ‘மேம்பட்ட தகுதியும் ஆற்றலும்’ என்ற தொடருக்கும், பட்டம் பெற்ற தொழில்வல்லுநர் பலரும் அடங்குமாறு குடிவரவுத் துறையினர் விரிவான பொருள் கொண்டனர்.

1989ஆம் ஆண்டில் செவிலியர்க்கெனத் தனி உட்பிரிவு வகுக்கப்பட்டது. அது எச்-1ஏ எனப்பட, எஞ்சியது எச்-1பி என வழங்கலாயிற்று. 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இப்பிரிவைப் புதுக்கியது. ‘மேம்பட்ட தகுதி’ என்பதன் இடத்தில் ‘சிறப்புத்துறைப் பணி’ என்னும் தொடர் வந்தது. உரிய துறையில் இளநிலைப் பட்டமோ அதற்கு ஒப்பான தகுதியோ வேண்டப்படும் பணி என்பது அதன் பொருள். ஆண்டிற்கு 65,000 பேர் என்னும் உச்சவரம்பும், ஆறு ஆண்டு என்னும் கால எல்லையும் வகுக்கப்பட்டன. அவ்விடத்தில் வழங்கும் ஊதியத்திற்குக் குறையாது கொடுப்பதாக வேலையளிப்போர் உறுதிமொழி தருதல் வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது.

பழைய தொடருக்கு நேர்ந்த முடிவு சொல்லாராய்ச்சி செய்வார் குறித்துக்கொள்ளத்தக்கது. பெரும்புலவர்க்கும் அறிவியலார்க்கும் என 1952ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘மேம்பட்ட தகுதியும் ஆற்றலும்’ என்னும் தொடர் எச்-1பி பிரிவினின்றும் முற்றும் மறையவில்லை. புத்தாடை வகைகளை உடுத்துக் காட்டும் ஒப்பனை அழகியர் முதலியோர்க்கு உரிய தகுதியாக அஃது இன்றும் அப்பிரிவில் நிற்கின்றது. பொறியாளர்க்கு வேண்டுவது பட்டம். அழகியர்க்கு வேண்டுவது மேம்பட்ட தகுதி. சொற்கள் தம் இருப்பிடத்தை விட்டுப் பெயர்ந்து வாழ்வதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

1990ஆம் ஆண்டுச் சட்டம் செய்த மாற்றங்களுள் நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது பிறிதொன்று. அயல்நாட்டில் இல்லம் உடையராதல், அதனைக் கைவிடும் எண்ணம் இல்லாராதல் என்னும் விதிகளை அச்சட்டம் எச்-1பி வகையினர்க்கு நீக்கியது. அத்தகுதியோடு தங்கியிருக்கும்போதே நிலைத்த குடியிருப்புரிமையை நாடுவதும் குற்றம் அன்று என்றாயிற்று. முதற்கட்டும் அவிழ்ந்தது. பணியும் நிலையானது, எண்ணமும் நிலையானதாக இருக்கலாம், வருகை மட்டும் தற்காலிகமானது என்ற நிலை உண்டாயிற்று. மூன்று கால்களில் நின்ற முக்காலி ஒரு காலில் நிற்கலாயிற்று.

6. எஞ்சிய சொல்லின் இன்றைய பொருள்

கணிப்பொறித் தொழிலின் வளர்ச்சியும், 2000ஆம் ஆண்டுப் பிறப்பையொட்டிக் கணிப்பொறி நிரல்களைத் திருத்தவேண்டி நேர்ந்த பெரும்பணியும் வல்லுநர் தேவையைப் பெருக்கின. உச்சவரம்பு 1999, 2000ஆம் நிதியாண்டுகட்கு 115,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 195,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2004ஆம் நிதியாண்டில் மீண்டும் 65,000 ஆயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கென மேலும் 20,000 இடங்களை 2004ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலிரு நாள்களிலேயே வரம்புக்கு மிக்க விண்ணப்பங்கள் குவிந்தமையால் குலுக்கல் முறையால் தெரிந்தெடுக்க நேர்ந்தது. திறனை அளந்து ஆள் எடுக்க எழுந்த சட்டம் நற்பேற்றை நம்பி ஆள் எடுக்கும் நிலையை அடைந்தது.

வரம்பின் ஏற்றத்தாழ்வினும் ஆழ்ந்த மாற்றம் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. வேலைவழி நிலைத்த குடியிருப்புரிமை ஆண்டிற்கு ஏறத்தாழ 140,000 பேர்க்கே உண்டு. அதனுள்ளும் எந்த ஒரு நாட்டிற் பிறந்தோரும் நூற்றுக்கு ஏழு பங்கிற்கு மேற்படலாகாது என்பது 1990ஆம் ஆண்டு விதி. கணக்கிட்டுப் பார்ப்பின் ஒரு நாட்டிற்கு 9,800 இடங்களே வரும். பிறநாட்டினர் விட்டுவைக்கும் இடங்கள் சில ஆண்டுகளில் சேர்வதுண்டு. சிறிய நாடாயினும் பெரிய நாடாயினும் அளவு ஒன்றே. எச்-1பி தகுதியிலோ நாட்டுவாரி வரம்பு இல்லை. வாயில் அகன்றது, உள்வழி குறுகியது. ஆதலின் இந்தியர் வரிசை பல்லாண்டுகளாக நீண்டது. அவ்வரிசையில் நிற்போர் ஆறு ஆண்டு எல்லையைக் கடந்தும் எச்-1பி தகுதியை நீட்டித்துக்கொள்ளலாம் என 2000ஆம் ஆண்டுச் சட்டம் இசைந்தது. விண்ணப்பம் ஒப்புக்கொள்ளப்பட்டும் நாட்டுவாரி வரம்பால் இடம் பெறாதார்க்கு மும்மூன்று ஆண்டுகளாக அந்நீட்டிப்புத் தொடரும்.

இதன் விளைவு யாது? ஒருவர் இருபது ஆண்டு ஒரே நாட்டில் உழைக்கலாம், வரி செலுத்தலாம், வீடு வாங்கலாம், ஆங்கே பிள்ளைகளைப் பெற்று வளர்க்கலாம். சட்டத்தின் கண்ணில் அவர் தற்காலிகமாக வந்தவரே. ‘தற்காலிகம்’ என்னும் சொல் காலத்தைக் குறிக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. பொருளிழந்த சொல் மொழியில் வழக்கொழிந்து போதல் இயல்பு. சட்டத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. அச்சொல் இன்று காலத்தைக் குறியாது சார்பைக் குறிக்கின்றது. தற்காலிகமாக வந்தவர் என்பதன் இன்றைய பொருள், வேலையளிப்போரைச் சார்ந்து இருப்பவர் என்பதேயாம்.

இதற்குச் சான்றுகள் சட்டத்திலேயே உள்ளன. விண்ணப்பம் வேலையளிப்போருடையது, பணியாளருடையது அன்று. வேலை நீங்கின் தகுதியும் நீங்கும். வேறு வேலை தேடுதற்கு அறுபது நாள் வரை தங்கலாம் என்னும் விதி 2017ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அவ்வளவு இடைவெளியும் உறுதியாக இல்லை. வாழ்க்கைத் துணையாக உடன் வந்தோர், நிலைத்த உரிமைக்கான வரிசையில் உள்ளாருடைய துணைவராயின் பணிபுரியலாம் என்னும் இசைவு 2015ஆம் ஆண்டில் கிடைத்தது. உடன் வந்த பிள்ளைகள் இருபத்தொரு அகவை நிறைந்ததும் பெற்றோரைச் சார்ந்த தகுதியை இழப்பர். குழவிப் பருவத்தில் சென்று ஆங்கே கற்று வளர்ந்தோரும் இவ்விதிக்கு விலக்காகார். பெற்றோர் தற்காலிகமாக வந்தவர் என்னும் புனைவுக்கு அவர்தம் மக்கள் இவ்வாறு விலை கொடுக்கின்றனர்.

7. ஒரு தடையும் விடையும்

‘தற்காலிகம்’ என்னும் கட்டு உள்நாட்டுத் தொழிலாளர்க்குக் காப்பன்றோ எனின், அன்று என்பது நம் கருத்து. உள்நாட்டாரைக் காப்பது ஊதியத்தைப் பற்றிய உறுதிமொழியும் அதனை மேற்பார்க்கும் முறையுமே. வேலை இல்லாத இடைக்காலத்திலும் பணியாளர்க்கு ஊதியம் கொடுத்தல் வேண்டும் என 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. முந்திய வேலையளிப்போரை விட்டு நீங்குவோர், புதியவர் விண்ணப்பம் அளித்த அளவிலேயே அவரிடம் பணி தொடங்கலாம் என 2000ஆம் ஆண்டுச் சட்டம் இசைந்தது. இவை அயலவர்க்கும் உள்நாட்டார்க்கும் ஒருங்கே காப்பாவன. விட்டு நீங்கும் உரிமை உடைய ஒருவர் குறைந்த ஊதியத்திற்கு இசையார். அவர் இசையாமையால் அவர் அருகில் அமர்ந்து உழைக்கும் உள்நாட்டாரின் ஊதியமும் காக்கப்படும். நீங்கும் உரிமை இல்லாதார் இருவர்க்கும் கேடு விளைப்பர். அது அவர்தம் குற்றம் அன்று.

1885ஆம் ஆண்டின் சட்டத்தை இங்கு நினைதல் வேண்டும். அன்று வேலையளிப்போர் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து ஆளை வருவித்தல் குற்றமாக இருந்தது. இன்று வேலையளிப்போர் முன்வந்து விண்ணப்பித்தாலன்றி எச்-1பி வழியில் வருதலே இயலாது. விலக்கப்பட்டது விதியாயிற்று. எனினும், அன்று அஞ்சப்பட்ட சார்புநிலை தொலையவில்லை. தற்காலிகம் என்னும் சொல்லின் நிழலில் அது தொடர்கின்றது.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் வெளியிடப்பெற்ற குடியரசுத் தலைவர் அறிவிப்பு, அந்நாட்டிற்கு வெளியே இருப்போர்க்கெனப் புதிதாக அளிக்கப்படும் எச்-1பி விண்ணப்பங்கட்கு 100,000 டாலர் செலுத்துமாறு விதித்தது. அதனைப் போற்றியோரும் பழித்தோரும் தொகையின் பெருமையையே பேசினர். அத்தொகை வாயிலைக் குறுக்கும் இயல்பினது. உள்ளே நிற்போரின் நிலையை அது தொடவில்லை. சார்புநிலை என்னும் சிக்கல் முன் இருந்தவாறே இருந்தது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அமெரிக்கச் சட்டம் திறனையும் ஆளையும் வேறுபிரிக்க 1885 முதல் முயன்று வந்ததும், 1952ஆம் ஆண்டில் அம்முயற்சி மூன்று கட்டுகளாக அமைந்ததும், 1970இலும் 1990இலும் இரு கட்டுகள் அவிழ்ந்ததும், எஞ்சிய ஒன்று 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொருளிழந்து சொல்லளவாய் நிற்பதும் பெறப்பட்டன. சொல்லைத் திருத்துதல் அந்நாட்டார் கடமை. நமக்கும் ஒரு கடமை உண்டு. கடல்கடந்த தமிழரின் வரலாற்றை எழுதுவோர் இலங்கைத் தோட்டங்களையும் மலாயாக் காடுகளையும் ஆராய்ந்த அளவிற்கு இப்புதிய பெயர்ச்சியை ஆராயவில்லை. படித்தவர் பெயர்ச்சி, நல்ல ஊதியத்தோடு கூடிய பெயர்ச்சி என்பதனால் அதில் ஆராய்தற்கு ஒன்றும் இல்லை எனக் கருதுதல் பொருந்தாது. எத்தகைய தகுதியிற் சென்றனர், எத்துணை ஆண்டு வரிசையில் நின்றனர், வேலை நீங்கியபோது என் செய்தனர், பெற்றோர் இறுதிக்கடனுக்கு வந்து மீள அஞ்சியோர் எத்துணையர், அவர்தம் மக்கள் எந்நாட்டினர் ஆயினர் என்பனவற்றை அவர்கள் நினைவில் இருக்கும்போதே கேட்டுத் தொகுத்தல் வேண்டும். முதலிற் சென்ற தலைமுறை முதுமை எய்திவிட்டது. இப்பணியை மேற்கொள்ளும் ஆய்வு மாணவர் சட்ட நூலை ஒரு கையிலும் மக்கள் வாய்மொழியை மறுகையிலும் கொண்டு ஒப்பிட்டுச் செல்வாராயின், ‘தற்காலிகம்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிய வாழ்வுகளின் அளவு தெளிவாகும்.